அமெரிக்கக் கல்லூரிக்குப் போகிற பையன்

டார்சி பவ்லுக் வாழ்நாளில் ஒரு டிராக்டரைக்கூடப் பொய் சொல்லி விற்றதில்லை. பொய் சொன்னால் என்றைக்காவது மாட்டிக்கொள்ள வேண்டிவரும். அவன் சொல்வது பாதி வாக்கியம்தான். "நேத்துகூட ஒருத்தர் இதைத் தேடிக்கிட்டு வந்தாரு..." என்று இழுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வான். மீதிப் பாதியை வாங்க வந்தவனே மனசுக்குள் எழுதி முடித்துக்கொள்வான். நேற்று வந்தவர் டிராக்டரைத் தேடி வந்தாரா, கழிப்பறையைத் தேடி வந்தாரா என்று யாரும் கேட்டதில்லை. கனடாவின் சஸ்காச்சுவான் சமவெளியில், கார்வெல் என்ற சிற்றூரின் நெடுஞ்சாலை ஓரத்தில், பழைய விவசாய இயந்திரங்களை வாங்கி விற்கிற அவனுடைய கடை இப்படித்தான் இருபது வருஷமாக ஓடுகிறது.

அப்படிப்பட்ட மனுஷன் சொந்த மகன் விஷயத்தில் மட்டும் சும்மா இருப்பானா?

மகன் கோல்பிக்குப் பதினைந்து வயது. ஐஸ் ஹாக்கியில் தடுப்பு ஆட்டக்காரன். எதிரணிப் பையன் பந்தயக் குதிரை மாதிரிப் பாய்ந்து வருவான்; கோல்பி அவனை முட்டக்கூட மாட்டான், மட்டையை லேசாக நீட்டி, 'பக்' என்கிற ரப்பர் வட்டைப் பறித்துக்கொண்டு எதிர்த் திசையில் போய்க்கொண்டிருப்பான். பறிகொடுத்தவனுக்கு விஷயம் தெரிய இரண்டு நொடி ஆகும். அந்த வருஷம்தான் கோல்பி வயதுப் பையன்களை மேற்கு மாகாணங்களின் ஜூனியர் அணிகள் பங்கு போட்டுக்கொள்கிற டிராஃப்ட்.

ஏலம் என்றால் டார்சிக்கு அத்துப்படி. கூடக் கேட்டவனுக்குப் பொருள், கதை முடிந்தது. டிராஃப்டில் அந்த நியாயம் எல்லாம் கிடையாது. போன பருவத்தில் மோசமாகத் தோற்ற அணி முதலில் எடுக்கும். ஜெயித்த அணி கடைசியில் எடுக்கும். எந்த அணி பேரைப் படிக்கிறதோ அந்த ஊர்தான் பையனுக்கு விதித்தது. பையனை யாரும் கேட்பதில்லை. அப்பனை அதைவிடக் கேட்பதில்லை. பதினாறு வயதில் மூட்டையைக் கட்டிக்கொண்டு போய், அந்த ஊரில் முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தோடு தங்கி, படித்து, ஆட வேண்டியதுதான்.

டார்சிக்கு ஒரே ஆசை, ஆன்ஸ்லி. முக்கால் மணி நேர வண்டி ஓட்டத்தில் இருக்கிற நகரம். ஆன்ஸ்லி அணி கோல்பியை எடுத்துவிட்டால் ஊரில் நடக்கிற ஆட்டம் ஒன்றையும் விடாமல் பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை பையன் வீட்டுக்கு வந்து அம்மா செய்த பெரோகிக் கொழுக்கட்டையை ஒரு தட்டு முழுக்கத் தின்றுவிட்டு சோபாவில் தூங்கலாம். வேறு அணி எடுத்தால்? அந்த லீக் மலைத்தொடரைத் தாண்டிப் பசிபிக் கடல் வரைக்கும் நீண்டு கிடக்கிறது.

சங்கடம் என்னவென்றால், ஆன்ஸ்லி அந்தப் பருவம் பிரமாதமாக ஆடித் தொலைத்திருந்தது. அதனால் அதன் முறை முதல் சுற்றின் கடைசியில்தான் வரும். கோல்பியோ முதல் பத்துப் பேருக்குள் போய்விடுவான் என்று ஊரெல்லாம் பேச்சு.

"சரக்கு மேல கொஞ்சம் தூசி படிய விடணும்," என்றான் டார்சி, ஜனவரியில் ஒரு நாள் சாப்பாட்டு மேசையில்.

மனைவி ரோக்சான் ஐஸ் அரங்கில் சிற்றுண்டிக் கடை நடத்துகிறவள். உருளைக்கிழங்கு வறுவல் கேட்டு இரண்டு வரிசையாக நிற்கிற கூட்டத்தை ஒரு குரலில் அடக்குகிறவள். "என் புள்ளையைச் சரக்குன்னு இன்னொரு தடவ சொல்லு, இந்தக் கரண்டி உன் மண்டையில இறங்கும்," என்றாள்.

"சும்மா ஒரு பேச்சு. கோல்பி அமெரிக்கக் கல்லூரியில ஆடப் போறான்னு நாலு பேர் காதுல விழுந்தா போதும். எவனும் தொட மாட்டான்."

அவன் சொன்னதில் கணக்கு இருந்தது. ஜூனியர் லீக்கில் ஒரே ஒரு ஆட்டம் ஆடினாலும் அமெரிக்கக் கல்லூரி ஹாக்கியின் கதவு சாத்திக்கொள்ளும். அந்த நாளில் விதி அப்படி. கல்லூரிக்குப் போகத் தீர்மானித்த பையனை எடுத்த அணிக்கு மிஞ்சுவது வெறும் பேர்தான். கிடைத்த வாய்ப்பு வீண்.

"கோல்பியைக் கேட்டியா?"

"அவனுக்கு என்ன தெரியும்? யாராவது கேட்டா 'எல்லா வழியும் யோசிக்கிறோம்'னு சொல்லச் சொல்லியிருக்கேன்."

"எல்லா வழியும்!" என்றாள் ரோக்சான். "அவன் காலையில எந்தக் காலுறை போடுறதுன்னே யோசிக்க மாட்டான்."

பிப்ரவரி மாதம் பெரிய போட்டி. ஒவ்வோர் அணிக்கும் பையன்களைப் பார்த்து எடை போடுகிற ஸ்கவுட்கள் மேல் வரிசையில் கனத்த கோட்டுகளுக்குள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் பார்ப்பது பையன்களை மட்டும் இல்லை. எந்த அப்பன் நடுவரைத் திட்டுகிறான், எந்த அம்மா பயிற்சியாளரோடு மல்லுக்கு நிற்கிறாள் என்பதும் அவர்கள் குறிப்பில் ஏறும். டார்சி இதை அறிந்தவன். அவர்களுக்கு இரண்டு வரிசை கீழே உட்கார்ந்து, யாருமே பேசாத ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு, "சரிங்க, பேராசிரியர்... ஆமா, வளாகத்தை வந்து பாக்குறோம்... மினசோட்டாவில குளிர் ரொம்பவாமே?" என்று உரக்கக் கேட்டான். பனியிலேயே பிறந்து வளர்ந்த சஸ்காச்சுவான்காரன் குளிரைப் பற்றி விசாரித்ததைக் கேட்டு முன் வரிசைக் கிழவி ஒருத்தி திரும்பிப் பார்த்தாள். ஸ்கவுட்கள் திரும்பவில்லை. பேனாக்கள் மட்டும் அசைந்தன.

ஆன்ஸ்லி அணியின் தலைமை ஸ்கவுட் வெண்டல் க்ரோகர். பக்கத்து வட்டாரத்துக் கோதுமை விவசாயி, டார்சிக்குப் பழக்கமானவன். இடைவேளையில் வறுவல் வரிசையில் அவனுக்குப் பின்னால் போய் நின்றான் டார்சி. குரலைத் தாழ்த்திக்கொண்டு, "கல்லூரிக் கதை எல்லாம் ஊருக்கு, வெண்டல். உனக்கு மட்டும் சொல்றேன், ஆன்ஸ்லி எடுத்தா..." என்று நிறுத்திவிட்டு ஒரு கண்ணைச் சிமிட்டினான்.

வெண்டல் தலையாட்டினான். "புரியுது, டார்சி," என்றான்.

அன்றைக்கு வீடு திரும்பும்போது டார்சி வண்டிக்குள் பாடிக்கொண்டே வந்தான்.

டிராஃப்ட் மே மாதத்து வியாழக்கிழமை. முதல் நாள் இரவு பிடித்த மழை விடவில்லை. விதைப்பு நின்று போனதால் வட்டாரத்து விவசாயிகளில் பாதிப் பேர் டார்சியின் கடையில் காபிக் கோப்பையோடு உட்கார்ந்திருந்தார்கள். ரோக்சான் ஒரு பெரிய தட்டு நிறையப் பேரீச்சம்பழ கேக் வெட்டிக் கொண்டுவந்திருந்தாள். கணினித் திரையில் ஒவ்வொரு பேராக ஏறிக்கொண்டிருந்தது. கோல்பி பள்ளிக்கூடத்தில். ஒன்பதாம் வகுப்பு ஆசிரியர் பாடத்தை ஓரங்கட்டிவிட்டு அதே திரையைச் சுவரில் பெரிசாக ஓடவிட்டிருக்கிறார் என்று செய்தி வந்தது.

முதல் பேர், கோல்பி இல்லை. ஐந்தாவது, இல்லை. எட்டாவது, இல்லை.

"விட்டான்!" என்று டார்சி மேசையைத் தட்டினான். "அவனும் விட்டான்!"

பட்டாணி விவசாயி ஆர்லோ கேக்கை மெல்லுவதை நிறுத்தினான். "மகன் பேரு வரலைன்னு குதிக்கிற அப்பனை இன்னிக்குத்தான்யா பாக்குறேன். ரோக்சான், காபியில ஏதாவது ஊத்தினியா?"

"இது உனக்குப் புரியாது ஆர்லோ. இது உத்தி."

"போன வருஷம் எனக்கு வித்த லாரியிலயும் உத்தி இருந்துச்சு. வெயில் காலத்துல ஸ்டார்ட் ஆகுது."

கடை சிரித்தது. டார்சியும் சிரித்தான். பத்தாவது தாண்டியது, பதினைந்தாவது தாண்டியது. ஒவ்வோர் அணி தாண்டும்போதும் அவன் கழுத்து ஒரு விரற்கடை உயர்ந்தது. கடைசியில் திரையில் ஆன்ஸ்லி என்று வந்தது. டார்சி எழுந்து நின்றுவிட்டான். ரோக்சான் அவன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பேர் ஏறியது. மானிடோபாக்காரப் பையன் ஒருவன்.

கூரைத் தகரத்தின் மேல் மழை மட்டும் கொட்டிக்கொண்டிருந்தது.

டார்சி ஃபோனை எடுத்தான். மூன்றாவது தடவைதான் கிடைத்தது.

"வெண்டல்! என்னய்யா பண்ணிட்டே?"

"தடுப்புக்கு ஆள் எடுத்தோம். நல்ல பையன்."

"உன்கிட்ட மட்டும்தானே சொன்னேன், கல்லூரி எல்லாம் சும்மான்னு!"

"சொன்னே. கண்ணைக்கூடச் சிமிட்டினே."

"அப்புறம் என்ன?"

"எனக்கு ஒரு வைக்கோல் சுருட்டுற மிஷின் வித்தியே, ஞாபகம் இருக்கா? 'ஊருக்கெல்லாம் ஒரு விலை வெண்டல், உனக்கு மட்டும் இது'ன்னு இதே மாதிரி கண்ணைச் சிமிட்டினே. அப்புறம் என் மச்சானைக் கேட்டேன். அவனுக்கும் 'உனக்கு மட்டும்'. எங்க சர்ச்சுல பாதிப் பேருக்கு 'உனக்கு மட்டும்'."

"அது வியாபாரம்யா! இது என் புள்ளை!"

"ரெண்டுக்கும் மூஞ்சி ஒண்ணுதானே டார்சி. எது எதுக்குன்னு நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்? கல்லூரிதான் நிஜம், எங்களை வெச்சு நீ வேற யாருக்கோ வலை விரிக்கிறேன்னு நெனச்சேன். கண்ணைச் சிமிட்டாம சொல்லியிருந்தா நம்பியிருப்பேன்." இணைப்பு அறுந்தது.

இரண்டாம் சுற்று தொடங்கியது. இப்போது ஒவ்வொரு பேர் ஏறும்போதும் டார்சியின் கழுத்து ஒரு விரற்கடை இறங்கியது. கோல்பியிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது: "அப்பா எல்லாரும் என்னையே பாக்குறாங்க." இன்னொன்று: "நான் அவ்வளவு மோசமா?"

டார்சி கைக்குக் கிடைத்த எண்ணையெல்லாம் அழைத்தான். பாதி பேர் எடுக்கவில்லை. எடுத்த ஒருவர் மிகவும் மரியாதையாக, "கல்லூரி வாழ்க்கைக்கு எங்க வாழ்த்துகள், பவ்லுக்," என்று வைத்துவிட்டார். இன்னொருவர், "மினசோட்டாவில ஸ்வெட்டர் போட்டுக்கச் சொல்லுங்க," என்றார். இருபது வருஷத்தில் டார்சி விற்க நினைத்து விற்காமல் போன பொருள் கிடையாது. முதல் தடவையாக விற்கக் கூடாது என்று ஒன்றைத் தீர்மானித்தான்; அதையும் எவ்வளவு கச்சிதமாகச் செய்து முடித்திருக்கிறான் என்று நினைத்தபோது அவனுக்கே வியர்த்தது.

"வையி ஃபோனை," என்றாள் ரோக்சான். "பேசின வரைக்கும் போதும். உக்காரு."

உட்கார்ந்தான். ஆர்லோகூடக் கிண்டலை நிறுத்திவிட்டு ஒரு துண்டு கேக்கை அவன் பக்கம் தள்ளினான். அது கிண்டலைவிட மோசமாக இருந்தது.

திரையில் அடுத்த அணி வந்தது. போர்ட் லார்ன். கடலுக்குள் ஒரு தீவு. மலையெல்லாம் தாண்டிக் கப்பல் ஏறிப் போகிற ஊர். டார்சி பார்க்கக்கூட இல்லை. ரோக்சான்தான் பார்த்தாள். சட்டையைப் பிடித்திருந்த கையாலேயே அவன் முதுகில் ஓங்கி ஓர் அறை வைத்தாள்.

"டார்சி! நம்ம பேரு! நம்ம பேருடா!"

கோல்பி பவ்லுக், தடுப்பு, கார்வெல்.

கடை வெடித்தது. எழுபது வயது விவசாயிகள் நாற்காலியைத் தள்ளிவிட்டுக் கத்தினார்கள். ஆர்லோ தொப்பியைக் கழற்றி எறிந்தான், அது போய்க் காபி மிஷின் மேல் விழுந்தது. யாரோ வெளியே ஓடி, விற்பனைக்கு நின்றிருந்த அறுவடை இயந்திரத்தில் ஏறி ஹாரனை அழுத்தினான். அது வேலை செய்ததே முதல் ஆச்சரியம். ரோக்சான் அழுதுகொண்டே சிரித்தாள். "எங்கடி இருக்கு போர்ட் லார்ன்?" என்று டார்சி கேட்டான். அவன் கன்னமும் நனைந்திருந்தது. கடைக்குள் மழை ஒழுகவில்லை.

ஃபோன் அடித்தது. சத்தத்தில் கேட்காது என்று டார்சி அதை ஸ்பீக்கரில் போட்டான். கரகரத்த, நிதானமான குரல். "ஐவர் ஸ்டென்ஸ்ருட் பேசுறேன். போர்ட் லார்ன் ஸ்கவுட். உங்க வீட்டம்மா கடையில வறுவல் சாப்பிட்ட கிழவன்."

ரோக்சானுக்கு ஞாபகம் வந்தது. "கூட கொஞ்சம் கிரேவி கேட்டாரே, அவரா!"

"ஐயா, நீங்க எப்படி..." என்று தொடங்கினான் டார்சி. "கல்லூரி விஷயம்..."

"கேள்விப்பட்டேன். நான் உங்களைக் கேக்கலையே. பையனைத்தான் கேட்டேன். தண்ணி பாட்டில் நிரப்பிக்கிட்டு நின்னான். 'தம்பி, எங்க ஆட ஆசை?'ன்னேன். 'என்னைவிடப் பெரியவங்க ஆடுற இடத்துல'ன்னான். எந்தக் கல்லூரின்னு கேட்டேன். முழிச்சான். அப்பவே தெரிஞ்சுபோச்சு."

"அப்படின்னா முதல் சுற்றுலயே எடுத்திருக்கலாமே!"

"எதுக்கு? மத்தவங்க எல்லாரையும்தான் நீங்க நல்லா பயமுறுத்தி வெச்சிருந்தீங்களே. முதல் சுற்றுல ஒரு கோல்கீப்பரை எடுத்துக்கிட்டேன். உங்க பையன் ரெண்டாவது சுற்றுல தானா வந்து மடியில விழுந்தான். ரொம்ப நன்றி பவ்லுக். ஆகஸ்ட் முகாமுக்கு வரச் சொல்லுங்க. மத்த விவரமெல்லாம் முதல்ல பையன்கிட்ட பேசுறேன், அப்புறம் உங்ககிட்ட."

டார்சி ஃபோனை ஒரு நிமிஷம் வெறித்துப் பார்த்தான். தன் கடையில், தன் பேச்சை வைத்தே, தன்னைவிட மலிவாக ஒருவன் வாங்கிக்கொண்டு போயிருக்கிறான். கோபம் வரவேண்டும். வந்தது என்னவோ ஒருவகை மரியாதை.

அது அடங்குவதற்குள் மறுபடியும் ஃபோன். வெண்டல்.

"ஸ்டென்ஸ்ருட் முட்டாள் இல்ல. அவன் எடுத்திருக்கான்னா கல்லூரி நிஜமாவே கிடையாது. அப்படித்தானே?"

"அதைத்தானய்யா நான் அன்னிக்கே..."

"சரி விடு. இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகல. போர்ட் லார்னுக்கு ஃபோன் போடு. 'பையன் அவ்வளவு தூரம் வர மாட்டான், முகாமுக்கும் வர மாட்டான்'னு அடிச்சுச் சொல்லு. கோடை முடியறதுக்குள்ள அவங்க சலிச்சுப்போய் அவனை வேற அணிக்கு மாத்திவிடப் பாப்பாங்க. நாங்க எடுத்துக்குறோம். எல்லா அப்பனும் பண்றதுதான். இதுல உன்னை மிஞ்ச ஆள் உண்டா?"

ஃபோன் இன்னும் ஸ்பீக்கரில்தான் இருந்தது. ரோக்சான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். அவன் அவளைப் பார்த்தான். கரண்டியைத் தூக்குவாள் என்று எதிர்பார்த்தான். அவள் கேக் தட்டைத் துடைக்க ஆரம்பித்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள்.

"முக்கால் மணி நேரம்," என்றாள் மெதுவாக. "ஞாயித்துக்கிழமை வந்துட்டுப் போவான்."

டார்சிக்கும் அதுதானே வேண்டும்? ஒரு ஃபோன். பத்து வார்த்தை. அதிலும் ஐந்தைச் சொன்னால் போதும், மீதியை அந்தப் பக்கமே பூர்த்தி செய்துகொள்ளும். "ஒரு நிமிஷம் இரு, வெண்டல்," என்று ஸ்பீக்கரை அணைத்து ஃபோனைக் கவிழ்த்து வைத்தான்.

அப்போதுதான் கதவு படீரென்று திறந்தது. கோல்பி சொட்டச் சொட்ட நனைந்து உள்ளே வந்தான். பள்ளிக்கூடத்திலிருந்து ஓடியே வந்திருக்கிறான். பின்னால் பாதி வகுப்பும் வந்திருந்தது. வழக்கமாக மூன்று வார்த்தைக்கு மேல் பேசாதவன் மூச்சுவிடாமல் பேசினான். "அப்பா, அந்தத் தாத்தா பேசுனாரு! எனக்கே ஃபோன் பண்ணாரு! அரங்கத்துக்கு வெளியவே கடலாம்! பதினாறு வயசுலயே பெரிய பசங்களோட எறக்குவாராம். 'முதல் ஆட்டத்துலயே அடி வாங்குவே, தயாரா வா'ன்னாரு!" அடி வாங்கப் போவதை யாரும் இவ்வளவு சந்தோஷமாகச் சொல்லி டார்சி கேட்டதில்லை.

"கோல்பி," என்றான். "ஆன்ஸ்லிக்கு ஆட ஆசை இல்லையாடா உனக்கு?"

பையன் தலையைத் துடைத்தபடியே யோசித்தான். "இருந்துச்சு. ஆனா அவங்க என்னைத் தாண்டிப் போயிட்டாங்கப்பா. கிளாஸ்ல எல்லாரும் பாத்தாங்க. எல்லாரும் வேணாங்குறப்ப அவர் ஒருத்தர்தான் பேரைச் சொன்னாரு." பிறகு கொஞ்சம் தயங்கி, "அப்பா, இனிமே நான் எங்கயோ போறேன், எங்கயோ போகலன்னு யாருகிட்டயும் சொல்லாதீங்க. அவர் எந்தக் கல்லூரின்னு கேட்டப்ப எனக்கு மானமே போச்சு," என்றான்.

ரோக்சான் துடைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே போட்டாள். மகனின் நனைந்த தலையைப் பிடித்து இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். அவன் தலைக்கு மேலாகக் கணவனைப் பார்த்தாள்.

டார்சி ஃபோனை எடுத்துக்கொண்டு கதவோரம் போனான். "வெண்டல், முடியாதுய்யா."

"புரியுது. என்ன எதிர்பாக்குறே?"

"ஒண்ணும் எதிர்பாக்கல. பையன் போர்ட் லார்னுக்குப் போறான்."

"படிப்புச் செலவு முழுக்க நாங்க பாத்துக்குறோம். கூட ஒண்ணு ரெண்டு பேசிக்கலாம்."

"முடியாதுன்னேன்."

"விலையை நல்லாவே ஏத்துறே, டார்சி. சரி, நாளைக்கு ராத்திரி சாப்பிட வா, நேர்ல பேசி முடிப்போம்."

"வெண்டல், நான் பேரம் பேசல! முடியாதுன்னா முடியாது!"

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. "உன்னை மாதிரி ஆள் இன்னொருத்தன் பொறக்கணும்யா," என்றான் வெண்டல் பாராட்டாக. டார்சி இணைப்பைத் துண்டித்தான். வெண்டல் இன்னும் இரண்டு தடவை அழைத்தான். இரண்டாவது தடவை விலையும் கூட்டினான்.

கடைக்குள் கோல்பியின் கூட்டம் கேக் தட்டைக் காலி செய்துவிட்டுச் சுவரில் இருந்த நெடுஞ்சாலை வரைபடத்தை மொய்த்துக்கொண்டிருந்தது. வரைபடம் பக்கத்து மாகாணமான ஆல்பர்ட்டாவிலேயே முடிந்துவிட்டதால் ஆர்லோ சுவரில் விரலால் மலையைப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தான். ரோக்சான் அதற்குள் கப்பல் கம்பெனியின் எண்ணைத் தேட ஆரம்பித்திருந்தாள். டார்சி கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்ச் சுவரையே கொஞ்ச நேரம் பார்த்தான்.

"அந்தக் கப்பல்ல வண்டி ஏத்துவாங்களா?"

"ஏத்துவாங்க," என்றாள் ரோக்சான்.

"பின்னாடி டிரெய்லரோட?"

அவள் திரையிலிருந்து தலையைத் தூக்கினாள். "டிரெய்லர் எதுக்கு?"

"இல்ல, தீவுன்னா சின்னச் சின்னத் தோட்டமா இருக்கும். பெரிய மிஷின் உள்ள நுழையாது. சின்ன டிராக்டருக்கு அங்க கிராக்கி எப்படி இருக்கும்னு யோசிச்சேன்," என்றான் டார்சி. "மாசம் ரெண்டு தடவை போய்ட்டு வர்ற மாதிரி."